பழைய பென்ஸும் புது வாரண்டியும்

புதிதாக எழுபது எண்பது லட்சத்துக்கு விற்ற ஜெர்மன் கார், ஏழெட்டு வருடம் ஓடிய பிறகு இன்றைய புது எஸ்யூவி ஒன்றின் விலைக்கே கிடைக்கிறது. அதனால் மதுரையில் பழைய சொகுசுக் கார் இப்போது அபூர்வப் பொருள் இல்லை. கப்பலூரில் பட்டறை வைத்திருப்பவர், கே.கே.நகரில் கிளினிக் நடத்தும் டாக்டர், மேலூர்ப் பக்கம் கான்ட்ராக்ட் எடுப்பவர் என்று பலரும் ஒரு பென்ஸையோ பி.எம்.டபிள்யூவையோ ஆடியையோ விசாரிக்கிறார்கள். அவர்களைத் தயங்க வைப்பது விலை அல்ல, ரிப்பேர் செலவு. அந்தத் தயக்கத்தைப் போக்க புரோக்கர், ஷோரூம்காரர், ஏற்கெனவே வாங்கிய மச்சான் என எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "எக்ஸ்டெண்டட் வாரண்டி ஒண்ணு போட்ருங்கண்ணே, அப்புறம் கண்ணை மூடிட்டு ஓட்டலாம்."

இந்த வாக்கியத்துக்குள் பல தனித்தனி நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வாரண்டித் தாளைப் படித்தால் நிற்காது. வாரண்டியே மோசடி என்று சொல்ல வரவில்லை. அது சில பாகங்களுக்கு, சில நிபந்தனைகளின் பேரில், யாரோ ஒருவர் தரும் வாக்குறுதி. அதன் மதிப்பைத் தீர்மானிப்பவை இரண்டு: வாக்குக் கொடுப்பவர் யார், அதற்கு அவர் வைத்திருக்கும் வரம்பு எவ்வளவு. இந்த இரண்டும் தெரியாமல் கண்ணை மூடுவது ஆபத்து. ஒவ்வொரு நம்பிக்கையாக எடுத்துப் பார்ப்போம்.

1. "எல்லாமே கவர் ஆகும்ணே"

ஆகாது. விளம்பரத் தாளில் 'இன்ஜின், கியர்பாக்ஸ், எலக்ட்ரிக்கல்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஒப்பந்தத்தின் உள்பக்கங்களில் விலக்குகள் சின்ன எழுத்தில் இருக்கும். பிரேக் பேட், டிஸ்க், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட், பேட்டரி, டயர், ரப்பர் ஹோஸ் ஆகியவை தேய்மானப் பொருள்கள் என்ற பெயரில் பெரும்பாலும் வெளியே போய்விடும். பத்து வருட ஜெர்மன் காரில் அடிக்கடி செலவு வைப்பவை இவைதான்.

அடுத்து, காரணத்தைப் பார்த்து மறுப்பது. பாகம் பட்டியலில் இருந்தாலும், அது கெட்டதற்கான காரணம் பட்டியலில் இல்லையென்றால் பணம் வராது. நம் ஊர் நிலைமைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இன்ஜினின் குளிர்விப்பு அமைப்புக்கு ஓய்வே கிடையாது. பல ஐரோப்பிய கார்களில் தெர்மோஸ்டாட் கூடும், கூலன்ட் தொட்டியும், இணைப்புக் குழாய்களும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வருடக்கணக்கில் சூடு பட்டு அவை நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடுகின்றன. கசிவைப் பார்த்ததும் வழியில் யாரோ போர் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். உப்பு மிகுந்த அந்தத் தண்ணீர் உள்ளே படிவமாகப் படிந்து வழிகளை அடைக்கும். பிறகு இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போனால் 'தவறான கூலன்ட்', 'சூடான பிறகும் ஓட்டியது' என்று இரண்டு காரணங்கள் சொல்லி க்ளைமை மறுக்க முடியும்.

வேப்பமர நிழலில் நிறுத்திய காரின் வயரை எலி கடித்தால் அது வெளிக்காரணம், வாரண்டியில் வராது. டீசல் காரில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு இது ஏறக்குறைய எல்லா டீசல் கார்களிலும் உண்டு. அந்தக் கரி எரிய வேண்டுமானால் வண்டி தொடர்ந்து ஓடிச் சூடாக வேண்டும். அண்ணா நகரிலிருந்து மாட்டுத்தாவணிக்கும் அங்கிருந்து வீட்டுக்குமாக மட்டும் ஓடும் காரில் அது அடைத்துக்கொள்ளும். அடைப்பைக் கோளாறு என்று ஒத்துக்கொள்ளாத ஒப்பந்தங்களே அதிகம். ஓட்டிய விதம் சரியில்லை என்பார்கள்.

மழைத் தண்ணீர் தனிக்கதை. 2024 அக்டோபர் கடைசியில் கொட்டித் தீர்த்த மழையில் செல்லூர்ப் பக்கத் தெருக்களில் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரயில்வே சுரங்கப்பாதைகளில் ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். தாழ்வான செடான் காரை அதில் இறக்கினால், காற்று உறிஞ்சும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போய், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எந்த வாரண்டியும் இதை ஏற்காது. சாதாரணக் காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸிலும் இன்ஜினின் உள் சேதத்துக்குத் தகராறு வரும். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாக எடுத்திருந்தால்தான் வழி. விபத்துக்கும் வெள்ளத்துக்கும் இன்சூரன்ஸ், உள்ளிருந்து தானாக வரும் கோளாறுக்கு வாரண்டி. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. தேய்மானத்தை இரண்டுமே ஏற்காது.

2. "கம்பெனி வாரண்டிதானே, பயம் என்ன?"

எந்தக் கம்பெனி என்பதுதான் கேள்வி. பழைய கார்ச் சந்தையில் மூன்று வகை வாரண்டிகள் உண்டு. முதலாவது, கார் தயாரித்த நிறுவனமே தன் சான்றளித்த பழைய கார்த் திட்டத்தின் வழியாகவோ நேரடி நீட்டிப்பாகவோ தருவது. பி.எம்.டபிள்யூவின் பிரீமியம் செலெக்‌ஷன், மெர்சிடிஸின் சர்ட்டிஃபைட், ஆடியின் அப்ரூவ்டு பிளஸ் போன்றவை இந்த வகை. இரண்டாவது, காரோடு சம்பந்தமில்லாத மூன்றாம் நிறுவனம் விற்கும் திட்டம். மூன்றாவது, கடைக்காரர் தன் லெட்டர்பேடில் 'இன்ஜின், கியர்பாக்ஸ் ஆறு மாதம் கியாரண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது. வாங்குகிறவர் காதில் மூன்றுமே 'கம்பெனி வாரண்டி' என்றுதான் விழுகின்றன.

ஷோரூம் கொடுத்த வாக்குக்குத் தயாரிப்பாளர் பொறுப்பாவார் என்று நம்புகிறவர்கள் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோவாவில் ஒருவருக்கு 2011 மாடல் என்று சொல்லி விற்ற கார், 2009-ல் தயாரிக்கப்பட்டு ஏற்கெனவே ஓடியிருந்தது. டீலரோடு டாடா மோட்டார்ஸையும் பொறுப்பாக்கியிருந்தன நுகர்வோர் மன்றங்கள். டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் இருப்பது தனித்தனி வியாபாரிகளுக்கு இடையிலான உறவு. டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லி, டாடா மீதான உத்தரவை உச்ச நீதிமன்றம் விலக்கியது. அதிகாரபூர்வ டீலருக்கே இப்படியென்றால், பழைய கார் விற்பவர் தரும் வாக்குறுதியோடு ஜெர்மனியில் இருக்கும் நிறுவனத்துக்கு என்ன சம்பந்தம்?

"பின்னாடி இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கு" என்றும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். வாரண்டி விற்கும் நிறுவனம் தன் நஷ்டத்தைக் காத்துக்கொள்ள எடுத்த பாலிசியாக இருந்தால், உங்களுக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் நேரடி ஒப்பந்தம் கிடையாது. சிக்கல் வந்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. வாரண்டி விற்றவரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. மூன்றாம் நிறுவன வாரண்டிகள் பெருமளவில் விற்கும் அமெரிக்காவில், கார்ஷீல்டு என்ற நிறுவனமும் அதன் திட்டங்களை நடத்தும் நிறுவனமும் 2024 ஜூலையில் ஒரு கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. பிரபலங்களை வைத்து 'இனி ரிப்பேர் செலவே இல்லை' என்ற தோற்றத்தை உண்டாக்கி விளம்பரம் செய்தார்கள், வாடிக்கையாளர்கள் க்ளைம் கேட்டபோது பல ரிப்பேர்கள் வாரண்டியில் வரவில்லை என்பதே அந்நாட்டு வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டு.

3. "வாரண்டி தர்றாங்கன்னா வண்டி நல்ல வண்டிதான்"

கேட்க நியாயமாக இருக்கும் வாதம் இது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வே நல்ல வண்டிகளைச் சந்தையிலிருந்து துரத்திவிடும் என்று காட்டினார். 2001-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வு முக்கியக் காரணம். அந்த அவநம்பிக்கையைச் சமாளிக்கும் ஏற்பாடுகளில் ஒன்றாக அவரே உத்தரவாதத்தைக் குறிப்பிடுகிறார். அப்படியென்றால் ஷோரூம்காரர் சொல்வது சரிதானே?

ஒரு நிபந்தனையின் பேரில்தான் சரி. வண்டி கெட்டால் நஷ்டம் விற்றவர் தலையில் விழ வேண்டும். அப்போதுதான் அவர் மோசமான வண்டிக்கு உத்தரவாதம் தர அஞ்சுவார், அவர் வாக்குக்கும் பொருள் இருக்கும். மூன்றாம் நிறுவன வாரண்டியில் கதை வேறு. வண்டி கெட்டால் விற்றவருக்கு நயாபைசா நஷ்டமில்லை. திட்டத்தை விற்றதற்குக் கமிஷன்கூடக் கிடைத்திருக்கலாம். நஷ்டத்தை ஏற்க வேண்டிய நிறுவனமோ வண்டியை நேரில் பார்த்ததே இல்லை. அதற்குப் பதிலாக ஒப்பந்தத்தில் இரண்டு பாதுகாப்புகளை எழுதி வைத்திருக்கும். 'வாங்கும்போதே இருந்த கோளாறு' ஏற்கப்படாது. முதல் சில வாரங்கள் க்ளைமே கிடையாது. இப்படி எழுதியவர் வண்டிக்கு நற்சான்று தரவில்லை, தன்னைத்தான் காத்துக்கொள்கிறார்.

'வாங்கும்போதே இருந்த கோளாறு' என்ற வரி நம் பக்கத்தில் பெரிதாகவே வேலை செய்யும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஏராளமான சொகுசுக் கார்கள் மூழ்கின. முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் நிறுவனங்கள் முடிவு செய்த கார்கள் ஏலத்துக்குப் போயின. 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல், அதே மாதம் நெல்லை, தூத்துக்குடி வெள்ளம். ஏலத்தில் போன வண்டிகளைச் சரிசெய்து வேறு ஊரில் விற்கும் வழக்கம் உண்டு. தண்ணீர் பட்ட வயரிங் இரண்டு மூன்று வருடம் கழித்துப் பச்சை பூத்து ஒவ்வொரு மாட்யூலாகப் பழிவாங்கும். வாரண்டி நிறுவனத்தின் சர்வேயர் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் சேற்றுத் தடம் கண்டால் க்ளைம் அங்கேயே முடிந்தது. கிலோமீட்டரைத் திருத்திய வண்டிக்கும் இதே கதிதான்.

இந்த உண்மைகளை வாங்கும் முன்பே கண்டுபிடிக்க முடியும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். சீட் தண்டவாளத் துரு, ஸ்டெப்னிக் குழியில் ஈரம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பி.எம்.டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் என்று தயாரிப்பாளரின் சோதனை மென்பொருள் வைத்திருப்பவரிடம் முழு ஸ்கேன் எடுக்கலாம். இந்த வகைக் கார்களில் ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. வேறு சில மாட்யூல்களிலும் தடம் இருக்கும். மீட்டரைத் திருத்துகிறவர் எல்லா இடத்திலும் திருத்துவது அபூர்வம். வாரண்டித் தொகையில் சிறு பங்கு செலவழித்தால் கிடைக்கும் இந்தத் தகவல், வாரண்டியைவிடப் பெரிய பாதுகாப்பு.

4. "கியர்பாக்ஸ் ஒண்ணு போனாலே போட்ட காசு வந்துரும்"

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒரு வருடத் திட்டத்தின் விலை 80,000 ரூபாய் என்று வையுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 94,400 ஆகிறது. க்ளைம் உச்சவரம்பு 1,50,000. கியர்பாக்ஸின் மெக்கட்ரானிக்ஸ் போய் 3,20,000 ரூபாய்க்குப் பில் வருகிறது. வாரண்டி 1,50,000 தரும். மீதி 1,70,000 உங்கள் கையிலிருந்து. திட்டத்துக்குக் கட்டியதையும் சேர்த்தால் மொத்தம் 2,64,400. வாரண்டி இல்லாமல் இருந்தால் 3,20,000. ஆக, பெரிய ரிப்பேர் வந்த வருடத்தில் மிச்சம் 55,600 ரூபாய். ரிப்பேர் வராத வருடத்தில் நஷ்டம் 94,400 ரூபாய்.

இதையே வேறு மாதிரி கேட்போம். 94,400 கட்டி அதிகபட்சம் 1,50,000 வாங்குவது எப்போது கட்டுப்படியாகும்? மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் உச்சவரம்பைத் தொடும் ரிப்பேர் வந்தால்தான். அப்படி ரிப்பேர் வரும் என்று உங்களுக்கே தோன்றினால் அந்த வண்டியை வாங்கக் கூடாது.

உச்சவரம்பு, ஒவ்வொரு க்ளைமுக்கும் சொந்தப் பங்கு, பாகத்தின் வயதுக்குக் கழிவு ஆகிய மூன்றும் எல்லாத் திட்டங்களிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவு. நம்மால் தாங்க முடியாத பெரிய இழப்பை அடுத்தவர் ஏற்பதற்குத்தான் காப்பீடு. உச்சவரம்பு குறைவான வாரண்டி இதைத் தலைகீழாகச் செய்கிறது: நாமே சமாளிக்கக்கூடிய தொகையை அது தருகிறது, கழுத்தை நெரிக்கும் தொகையை நம்மிடமே விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் முன்பு எடுத்த ஒரு கணக்கெடுப்பில், நீட்டிப்பு வாரண்டி வாங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை ஒருமுறைகூட ரிப்பேருக்குப் பயன்படுத்தவில்லை. அங்கும் விற்பவருக்கு லாபம் இருப்பதால்தான் விற்கிறார்.

5. "வண்டி நின்னா அவங்களே வந்து எடுத்துட்டுப் போய்ப் பார்த்துக் கொடுத்துருவாங்க"

எங்கே எடுத்துப் போவார்கள்? திட்டத்தில் அங்கீகரித்த ஒர்க்‌ஷாப்புக்கு. உங்கள் காரின் நிறுவனத்துக்கு மதுரையிலேயே சர்வீஸ் சென்டர் இருந்து, அதைத் திட்டம் ஏற்றால் பிரச்சினை குறைவு. இல்லையென்றால் கோவை 200 கிலோமீட்டருக்கு மேல். சென்னை 450-க்கும் மேல். டோயிங் வசதி எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதைத் தாளில் தேடுங்கள். உசிலம்பட்டி தாண்டி ஒரு கிராமத்தில் வண்டி நின்றால் அந்த வரம்பு எங்கே முடியும் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, பிளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும். அதன் வாடகை சாதாரணம் இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன பிறகும் வேலை உடனே தொடங்காது. முன் அனுமதி வாங்க வேண்டும். கோளாறு எங்கே என்று தெரிய இன்ஜினையோ கியர்பாக்ஸையோ பிரிக்க வேண்டுமானால், அதற்கு உங்கள் சம்மதக் கையெழுத்துக் கேட்பார்கள். பிரித்த பிறகு 'இது எங்கள் பட்டியலில் இல்லை' என்று வாரண்டி நிறுவனம் சொன்னால், பிரித்த கூலியும் திரும்ப மாட்டும் கூலியும் உங்கள் கணக்கில். கைகழுவவும் முடியாமல் ரிப்பேரை முடிக்கவும் முடியாமல் வண்டி வெளியூரில் நிற்கும் நாள்களுக்குப் பெரும்பாலான திட்டங்களில் நஷ்டஈடு எழுதியிருக்காது.

6. "வெளி மெக்கானிக்கிடம் விட்டா வாரண்டி போயிரும், அதனால ஷோரூமை விட்டு வெளியே போகாதீங்க"

இந்தப் பயத்துக்கு இந்தியாவில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பி.எம்.டபிள்யூவும் மெர்சிடிஸ் பென்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தன. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்து சந்தையைப் பூட்டி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே ரிப்பேர் செய்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் போயின. ஆகவே நடைமுறையில் அந்த உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு கவுன்டரில் சண்டை போட்டால் உடனே வேலை ஆகிவிடும் என்று நம்ப வேண்டாம். கொள்கை என்னவென்று தெரிந்திருந்தால் மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை.

தாளில் 'குறித்த இடைவெளியில் அங்கீகரித்த இடத்தில் சர்வீஸ்' என்ற நிபந்தனையை நீங்கள் ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தால் அதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு சர்வீஸ் தள்ளிப்போனாலும் அதைக் காரணம் காட்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் ஷோரூம் விலையில் செய்யும் அந்தச் சர்வீஸையும் வாரண்டியின் உண்மையான விலையில் சேர்க்க வேண்டும். இதை யாரும் சேர்ப்பதில்லை.

வாரண்டி முடிந்த காரை வெளி மெக்கானிக் கெடுத்துவிடுவார் என்ற எண்ணமும் முழு உண்மை அல்ல. 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மோட்டார்த் தொழிலில் கால் வைத்து, டி.வி.எஸ். வளர்ந்த ஊர் இது. மோட்டார் வேலை தெரிந்த கைகளுக்கு மதுரையில் பஞ்சம் வந்ததில்லை. ஸ்கேனரும், சரியான எண்ணெயும், ரிப்பேர் செய்ததற்கு பில்லும் தரும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது வாரண்டி தேடுவதைவிட நல்ல முதலீடு.

7. "வாரண்டி இல்லேன்னா கேட்க நாதியில்லை"

நாதி உண்டு, சட்டத்தில். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, ஒரு பொருளை வியாபாரமாக விற்கிறவர் விற்கத்தக்க தரத்தில் தர வேண்டும் என்ற எழுதாத நிபந்தனை விற்பனையிலேயே அடங்கியிருக்கிறது. பழைய வண்டி என்பதால் வயதுக்குரிய தேய்மானத்தைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். 'உள்ளது உள்ளபடி' என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு நழுவும். ஆனால் மறைத்த வெள்ளச் சேதத்தையும் திருத்திய மீட்டரையும் தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். சென்னையில் வாங்கிய காருக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அந்த ஆணையமே போதும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வாரண்டித் திட்டத்தைப் பற்றிய தகராறுகள் ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கும். ஒப்பந்தமே ஒருதலைப்பட்சம் என்று வாதிட வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கும் மதுரையில் அமர்வு இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பது முக்கியம். நிறுவனத்தின் பெயரில் வாங்கியவர்கள் 'வணிக நோக்கம்' என்று தள்ளிவிடுவார்களோ என்று அஞ்சுவதுண்டு. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக நிறுவனம் வாங்கிய காரை அப்படித் தள்ள முடியாது என்று 2024 ஜூலையில் மெர்சிடிஸ் கார்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்தப் பாதுகாப்பு வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: வியாபாரியிடம், பில் போட்டு வாங்க வேண்டும். புரோக்கர் வழியாக, முந்தைய உரிமையாளரிடம் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் எண் படிவங்களில் மட்டும் கையெழுத்து வாங்கி, பணத்தைக் கையில் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அது இரண்டு தனி மனிதர்களின் கொடுக்கல் வாங்கல். பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் கிலோமீட்டர், மாடல் வருடம், விபத்து அல்லது வெள்ளச் சேதம் இல்லை என்ற வரி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வாரண்டி அந்தப் பில்தான்.

அப்படியானால் யார் போடலாம்?

வாரண்டி இருந்தால் மறுவிற்பனையில் விலை கூடும் என்ற வாதத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: அடுத்தவர் பெயருக்கு மாற்ற முடியும், அதற்கு இன்ன கட்டணம் என்று தாளில் இருந்தால் கொஞ்சம் கூடும், இல்லையென்றால் கூடாது.

தயாரிப்பாளரே தரும் நீட்டிப்பாக இருந்து, உச்சவரம்பு காரின் விலையை ஒட்டி இருந்து, ஓட்டிப் போகும் தூரத்தில் சர்வீஸ் சென்டரும் இருந்தால் போடுங்கள். ஏர் சஸ்பென்ஷன், டர்போ, அடுக்கடுக்கான கன்ட்ரோல் மாட்யூல் என்று ஒரே கோளாறில் லட்சங்களைத் தாண்டும் காருக்கு அது நியாயமான செலவு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பேரம் பேசுங்கள். இரண்டு குறைந்தால் அந்தப் பணத்தை வேறு மாதிரி செலவழியுங்கள். முதலில் வாங்கும் முன் முழுச் சோதனை. பிறகு கூலன்ட் குழாய்கள், கியர்பாக்ஸ் ஆயில், பேட்டரி என்று வயதான பாகங்களை வாங்கிய மாதமே மாற்றுவது. மிச்சத்தை வண்டிக்கென்று தனிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் சேர்ப்பது. கோளாறு வராத வருடத்தில் வாரண்டிக்காரரிடம் போயிருக்கும் அந்தத் தொகை, உங்கள் கணக்கில் வட்டியோடு நிற்கும்.

அந்தக் கணக்கில் இரண்டு மூன்று லட்சம் ஒதுக்கிவைக்க இயலாதவருக்கு வாரண்டி உதவாது. அவர் வாங்க நினைக்கும் காரே அவர் கைக்கு அடங்காதது. வாங்கும் விலை பாதியாகக் குறைந்தாலும், பழைய பென்ஸின் உதிரிபாகம் புது பென்ஸின் விலையில்தான் வரும். அதைத் தாங்கக்கூடியவர், திட்டத்தை விற்பவரிடம் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்கட்டும்: பணம் தருவது யார், அதிகபட்சம் எவ்வளவு, எந்த ஒர்க்‌ஷாப்பில், எந்தக் காரணங்களுக்கு மறுப்பீர்கள்? வாய்ச்சொல்லாக வரும் பதிலை ஏற்க வேண்டாம். எழுதித் தருகிறவரிடம் மட்டும் காசைக் கொடுங்கள்.